அமாரோ பாட்டிலில் நிலவேம்பு

சிறுசேரிக்குப் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் ஹோட்டல் பாருக்குப் போன வாரம் ஒரு புது பாட்டில் வந்தது. இத்தாலியச் சரக்கு. கறுப்புக்கும் பழுப்புக்கும் நடுவில் ஒரு நிறம். மூடியைத் திருகியதும் வந்த வாசனையில் என் கை அப்படியே நின்றுவிட்டது. முதலில் ஆரஞ்சுத் தோல். பின்னால் வேர், பட்டை, சுக்கு மாதிரி ஒரு காரம். எல்லாவற்றுக்கும் அடியில் தாம்பரம் பேருந்து நிலையம்.

சிரிக்காதீர்கள். டீசல் புகையைச் சொல்லவில்லை. ஒரு காலத்தில் அந்தப் பேருந்து நிலையத்தின் நுழைவில் ஒரு மடக்கு மேசையும், அதன்மேல் குழாய் வைத்த எவர்சில்வர் டிரம்மும் இருந்தன. அந்த டிரம்மின் வாசனையைச் சொல்கிறேன். அங்கே போய்ச் சேர எனக்குக் கொஞ்சம் நேரம் ஆகும். நான் சுற்றித்தான் வருவேன்.

அன்று மாலை கவுன்ட்டரில் இரண்டு ஐ.டி. இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ஒருவன் அந்தப் பாட்டிலிலிருந்து சின்னக் கிளாஸில் கேட்டு வாங்கி, ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"அக்கா, இருமல் சிரப் மாதிரி இருக்கு. இது பேரு என்ன?"

"அமாரோ."

"அப்படின்னா?"

"கசப்பு."

"அது குடிச்சதுமே தெரிஞ்சுது. பேருக்கு என்ன அர்த்தம்னு கேட்டேன்."

"அதான் அர்த்தம். கசப்பு."

அவன் முகம் தொங்கிவிட்டது. பெரிய கதை ஏதோ இருக்கும் என்று நினைத்திருப்பான் போல. பக்கத்தில் இருந்தவன் அவன் தோளில் தட்டி, "அமோர் மச்சான். லவ்வு" என்றான்.

"அது வேற சொல்லு சார். இதுல லவ்வெல்லாம் கிடையாது" என்றேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வாசனை என்னை விடவில்லை.

அமாரோ என்றால் இத்தாலிய மொழியில் கசப்பு. அதற்கு முன்னால் லத்தீனில் அமாருஸ், அதுவும் கசப்புதான். இன்னும் பின்னால் போனால், சொற்களைத் தோண்டிப் பார்ப்பவர்கள் பச்சையானது, வேகாதது என்ற பொருள்கொண்ட பழைய வேர் ஒன்றைக் காட்டுகிறார்கள். வடமொழியில் புளிப்பைக் குறிக்கும் 'அம்ல' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து கிளைத்திருக்கலாம் என்கிறார்கள். அப்படியானால் பள்ளிக்கூட ஆய்வகத்தில் நாம் கையில் படாமல் தள்ளிப் பிடித்த அமிலம் இந்தப் பாட்டிலுக்குத் தூரத்துச் சொந்தம். அதை உறுதியாகச் சொல்லும் படிப்பு எனக்கு இல்லை. ஆனாலும் அந்த உறவுமுறை எனக்குப் பிடித்திருக்கிறது.

செய்முறை எளிது. வேர், பட்டை, இலை, பழத்தோல் என்று ஊரில் கிடைக்கும் கசப்பையெல்லாம் சாராயத்தில் ஊறப்போட்டு, இனிப்புச் சேர்த்து, பல மாதம் வைத்திருந்து எடுப்பார்கள். மடத்துத் துறவிகளும் மருந்துக்கடைக்காரர்களும் வயிற்றுக்காகச் செய்யத் தொடங்கியது. சாப்பாட்டுக்குப் பின் சின்னக் கிளாஸில் கொஞ்சம். இனிப்புச் சேர்ந்திருப்பதால் இதை லிக்கர் என்று சொல்லக்கூடாது, லிக்யூர் என்று சொல்ல வேண்டும் என்பது எங்களுக்குக் கல்லூரியில் சொல்லித்தந்த பாடம். எங்கள் தெருவில் இரண்டும் சரக்குதான்.

அந்தப் பேரில் எனக்குப் பிடித்தது அதன் துணிச்சல். விற்கிற பொருளுக்கு யாராவது 'கசப்பு' என்று பெயர் வைப்பார்களா? நம் பக்கத்தில் பாகற்காய் விற்கும் அண்ணன்கூட "கசக்கவே கசக்காதும்மா" என்றுதான் கூவுகிறார். இந்தப் பாட்டில் அப்படிக் கெஞ்சுவதில்லை. நான் கசப்பு, வேண்டுமென்றால் குடி என்கிறது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். இதைக் கொஞ்சம் அடக்கமாகச் சொல்லலாமே என்று சிலர் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். மாட்டேன். அப்பா தண்ணீர் லாரி ஓட்டினார். சிட்லபாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் என்று கோடை முழுக்க அவர் ஹாரன் கேட்டுத்தான் அடுக்குமாடி வீடுகளில் குளிப்பார்கள். அம்மா கைநாட்டு. இவர்கள் இரண்டு பேருக்கும் பிறந்த நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, படப்பை சாலையில் ஒரு வாடகைக் கட்டடத்தில் இருந்த கேட்டரிங் கல்லூரியில் சேர்ந்தேன். கீழே டைல்ஸ் கடை, மாடியில் நாங்கள். லாரியில் டைல்ஸ் இறக்கும்போது எங்கள் வகுப்பில் சாஸர்கள் அதிரும்.

அந்த மாடியில் ஒரு பார் இருந்தது. பொய் பார். உயரமான மரக் கவுன்ட்டர், பின்னால் கண்ணாடி, அலமாரி நிறைய வெளிநாட்டு பாட்டில்கள். எல்லாம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பொறுக்கி வந்த காலி பாட்டில்கள். உள்ளே இருந்ததெல்லாம் எங்கள் கைச்சரக்கு. விஸ்கி, பிராந்தி, ரம் மூன்றுக்கும் டீ டிகாஷன், அடர்த்தி மட்டும் மாறும். ஜின்னும் வோட்காவும் குழாய்த் தண்ணீர். ரெட் ஒயினுக்கு பீட்ரூட் வேகவைத்த நீர். அது இரண்டாம் நாளே நாறும். புதினா லிக்யூருக்குக் கேசரிப் பவுடரின் பச்சைத் தம்பியைக் கரைத்த நீர். பாட்டிலைப் பிடிக்கும் விதம், லேபிளை விருந்தாளி பக்கம் திருப்புவது, சொட்டு விழாமல் மணிக்கட்டைச் சுழற்றி நிறுத்துவது எல்லாம் இதில்தான் படித்தோம். ஊற்றியதை யாரும் குடிப்பதில்லை. குடிப்பது போல் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள். இதுதான் அங்கே எழுதாத சட்டம். என்னோடு படித்த ஸ்டெல்லா அதை "உபவாச பார்" என்பாள்.

எனக்கு அந்தக் கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்பது பிடித்திருந்தது. ஏன் என்று கேட்டால் இன்றும் சரியாகச் சொல்லத் தெரியாது. எதிரே இருப்பவர்கள் காத்திருப்பார்கள், நான் அவசரப்படாமல் ஊற்றுவேன். எங்கள் வீட்டில் யாருக்கும் யாரும் காத்திருந்ததில்லை. அதுவாகவும் இருக்கலாம்.

கடைசி வருடத்தில் மாணவர்களை ஹோட்டல்களுக்குப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். யார் எந்தப் பிரிவில் நிற்கிறார்களோ, வேலையும் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும். எங்கள் எச்.ஓ.டி. சார் வகுப்பில் வாயாலேயே அறிவித்துவிட்டார்.

"லேடீஸ் எல்லாம் ஹவுஸ்கீப்பிங், ஃப்ரண்ட் ஆபீஸ். பார் பாய்ஸுக்கு."

நான் எழுந்து நின்றேன். "எனக்கு பார் வேணும் சார்."

பின் பெஞ்சில் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். "பிராக்டிகல்ல ஃபர்ஸ்ட் மார்க் வாங்கும்மா, அப்புறம் பாக்கலாம்" என்றார். அவர் அதை விளையாட்டாகச் சொன்னார். நான் அதை வாக்காக எடுத்துக்கொண்டேன்.

விஷயம் எங்கள் தெருவுக்கு எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. 'தண்ணி லாரி ஓட்டறவன் பொண்ணு தண்ணி ஊத்தப் போவுது' என்று டீக்கடையில் ஒருவர் சொல்ல, அங்கேயே நின்ற அப்பா கேட்டும் கேட்காதது போல் வந்துவிட்டார். அம்மா அப்படி இல்லை.

"இன்னாடி, படிக்க வெச்சா சரக்கு ஊத்தப் போறேன்ற? ஆபீஸ் வேலைக்குப் போவேன்னுதான நான் ஊரெல்லாம் சொல்லிகினு கீறேன்?"

"ஹோட்டலும் ஆபீஸ்தாம்மா."

"போடி. வர்றவனுங்க உன்னய எப்டி பாப்பானுங்கன்னு எனக்குத் தெரியும்."

அதோடு பேச்சு நின்றது. ஒரே அறையில் நானும் அம்மாவும் பல நாள் பேசாமல் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தோம்.

இப்போது டிரம்முக்கு வருகிறேன். அது மழைக்காலம். ஊரெல்லாம் டெங்குக் காய்ச்சல். அம்மா அப்போது நகராட்சியில் தினக்கூலி. வீடு வீடாகப் போய்த் தொட்டியில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. காய்ச்சல் அதிகமானதும் அம்மாவைப் பேருந்து நிலையத்தில் நிலவேம்புக் குடிநீர் ஊற்றிக் கொடுக்கப் போட்டார்கள். பச்சைக் கோட்டு, தலையில் துணி, கையில் காகிதக் கப்பு. காலையில் ரயிலைப் பிடிக்க ஓடுபவர்கள், காட்டாங்குளத்தூர் மாணவர்கள், பூக்காரம்மா, போலீஸ்காரர் என்று எல்லோரும் அம்மா முன்னால் வரிசையில் நின்றார்கள். நிலவேம்பு, சுக்கு, மிளகு, வெட்டிவேர், கோரைக்கிழங்கு, பேய்ப்புடல், இன்னும் என்னென்னவோ போட்டுக் காய்ச்சியது. குடித்தால் காது வரைக்கும் கசக்கும். "மூஞ்ச சுளிக்காம ஒரே மடக்கு சார், அப்பதான் கேக்கும்" என்று அம்மா மிரட்டி ஊற்றுவார். சுளிக்கிறவர்களுக்கு இன்னொரு கப்பு. மீந்ததை ஒரு கேனில் வீட்டுக்குக் கொண்டுவருவார். எங்கள் வீட்டில் அப்போது தண்ணீருக்குப் பதில் அதுதான்.

செய்முறைத் தேர்வு அந்த மழையில்தான் வந்தது. ஸ்டெல்லாவுக்கு உடம்பு சுட்டது. அவளுக்காக ஒரு தண்ணீர் பாட்டிலில் நிலவேம்பு எடுத்துப் போயிருந்தேன். காலையில் அலமாரி பாட்டில்களை நிரப்புவது என் முறை. விஸ்கி, பிராந்தி, ரம் வரிசையிலேயே டிகாஷன் தீர்ந்துவிட்டது. மூலையில் அமாரோ பாட்டில் மட்டும் காலி. லேபிளில் பாதி உரிந்து போயிருந்தது. புதிதாக டீத்தூள் கொதிக்கவைக்க நேரமில்லை. கையில் இருந்த நிலவேம்பும் அதே நிறம். யார் குடிக்கப்போகிறார்கள்? ஸ்டெல்லாவுக்குக் கொடுத்தது போக மீதியை ஊற்றி மூடிவிட்டேன்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு காலத்தில் பயணக் கப்பலில் பாரைப் பார்த்துக்கொண்டவர். நரைத்த மீசை, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. நாங்கள் ஒவ்வொருவராகச் சீட்டு எடுத்து, அதில் வருகிற பானத்தைப் பரிமாறி விளக்க வேண்டும். என் சீட்டில் சாப்பாட்டுக்குப் பிந்திய கசப்பு லிக்யூர். பெயரின் பொருளும் பிறப்பும் சொல்ல வேண்டும். அலமாரியில் இருந்த ஒரே கசப்பு லிக்யூர் அந்த அமாரோதான். லேபிளை அவர் பக்கம் திருப்பிப் பிடித்து, சொட்டு விழாமல் ஊற்றி, கிளாஸை அவர் வலது பக்கம் வைத்தேன்.

கப்பல் பழக்கமோ என்னவோ, அவர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைக்கவில்லை. வாயில் ஊற்றிக்கொண்டார்.

அவர் கண்கள் மூடின. மீசை நடுங்கியது. ஒரு கை மேசையைப் பிடித்தது. கீழே டைல்ஸ் இறக்கும் சத்தத்தில் சாஸர்கள் அதிர்ந்தன. ஸ்டெல்லா காய்ச்சலோடு நாப்கினை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டாள்.

"என்ன ஊத்தி வச்ச?" எச்.ஓ.டி. சார் பாய்ந்து வந்தார். "டீதான போடச் சொன்னேன்?"

"நிலவேம்பு சார்."

"வெளிய போ."

நான் போகவில்லை. போனால் பாரும் போய்விடும் என்று தெரியும். தேர்வாளரைப் பார்த்து, நடுங்காத குரலில் சொல்ல ஆரம்பித்தேன். பெயர் இத்தாலி, பொருள் கசப்பு, லத்தீனிலும் கசப்பு. வேரும் பட்டையும் ஊறியது, முதலில் மருந்தாக இருந்தது, சாப்பாட்டுக்குப் பின் தருவது. "சாராயமும் சர்க்கரையும்தான் சார் இதுல இல்ல. மத்தபடி பேருல இருக்கறது பாட்டில்ல இருக்கு" என்று முடித்தேன். குரல் நடுங்கவில்லை என்று சொன்னேன் இல்லையா, கை கீழே நாப்கினை முறுக்கிக்கொண்டிருந்தது. கவுன்ட்டர் மறைத்துக்கொண்டது. பார் கவுன்ட்டருக்கு அப்படி ஒரு உபயோகம் உண்டு.

தேர்வாளர் தண்ணீர் கேட்டார். குடித்தார். பிறகு மெதுவாக, "எத்தனையோ காலேஜ்ல எக்ஸாம் எடுத்திருக்கேன். எல்லா பாட்டில்லயும் டீதான்" என்றார். மார்க் வந்தபோது நான்தான் முதல்.

எச்.ஓ.டி. சாருக்கு அது போதவில்லை. தேர்வுக் கூடத்துக்கு வெளிப்பொருள் கொண்டுவந்தேன் என்று அம்மாவைக் கூட்டிவரச் சொன்னார். அம்மா பேருந்து நிலைய வேலை முடிந்து, பச்சைக் கோட்டோடு அப்படியே வந்தார். எனக்கு ஆதரவாகப் பேச வரவில்லை, திட்டத்தான் வந்தார். படி ஏறும்போதே "மருந்த கொண்டாந்து பாட்டில்ல ஊத்தி கீற, உனக்கு அறிவு கீதா?" என்று ஆரம்பித்துவிட்டார்.

சார் அம்மாவை உட்காரச் சொல்லவில்லை.

"நிலவேம்பு விஷயத்த விடுங்க. உங்க பொண்ணு பார்லதான் நிப்பேங்குது. வர்றவன் போறவனுக்கெல்லாம் ஊத்திக் குடுக்கற வேலை. நல்ல ஃபேமிலிப் பொண்ணுங்க செய்யற வேலையா இது? உங்கள மாதிரி வீட்லேருந்து வர்றவங்களுக்கு அதெல்லாம் தெரியாது. நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க."

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு சாரை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வையை நான் அறிவேன். பேருந்து நிலையத்தில் முகம் சுளிப்பவர்களைப் பார்க்கும் பார்வை.

"நானும் அதான் சார் பண்றேன். வர்றவன் போறவனுக்கெல்லாம் ஊத்தித்தான் குட்துகினு கீறேன்."

"அது வேற, இது வேறம்மா."

"இன்னா வேற? நீங்க காலைல செங்கல்பட்டு பஸ்ஸு வர்ற பக்கமாத்தான வர்றீங்க? கட்டம் போட்ட சட்ட போட்டுகினு. போன வாரம் எங்கையால வாங்கிக் குட்ச்சீங்க. மூஞ்ச சுளிச்சீங்கன்னு இன்னொரு கப்பு குடுத்தேன். அதையும் குட்ச்சிட்டு தேங்க்ஸும்மான்னு சொல்லிட்டுப் போனீங்க. அப்ப என்னைய நல்ல குடும்பமான்னு கேக்கலயே."

சார் கோப்பு எதையோ தேடினார். மேசைமேல் கோப்பு எதுவும் இல்லை.

"ஃபர்ஸ்ட் மார்க் வாங்குனா பாக்கலாம்னு நீங்க சொன்னீங்க சார்" என்றேன். "வாங்கிட்டேன்."

"ஹோட்டல்காரங்க ஒத்துக்கிட்டா எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார், ஜன்னலைப் பார்த்து. எங்களுக்கு அது போதும்.

திரும்பும்போது தாம்பரம் பேருந்தில் இடம் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அம்மா என்னோடு திட்டாமல் பேசி நாளாகியிருந்ததால் நான்தான் ஆரம்பித்தேன்.

"அப்ப நான் பாருக்குப் போறது உனக்கு சம்மதமாம்மா?"

"எனக்குப் புடிக்கல. இப்பவும் புடிக்கல." ஒரு பள்ளத்தில் பேருந்து குதித்தது. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார். "ஆனா வேணாம்னு சொல்றதுன்னா நான் சொல்லணும். அவுரு யாரு?"

பயிற்சிக்குப் போன ஹோட்டலில் முதலில் என்னை கிளாஸ் துடைக்க மட்டும் விட்டார்கள். துடைத்தேன். பிறகு ஐஸ் உடைக்க விட்டார்கள். உடைத்தேன். ஒருநாள் ஊற்ற விட்டார்கள். அன்றிலிருந்து நான் கவுன்ட்டரைவிட்டு வெளியே வரவில்லை. இன்றும் சிலர் வந்து உட்கார்ந்து, என் தலைக்குப் பின்னால் தேடி, "அண்ணா யாரும் இல்லையா?" என்று கேட்பார்கள். "இல்ல சார், நான்தான். சொல்லுங்க" என்பேன். அம்மாவுக்கு இன்றைக்கும் இந்த வேலை பிடிக்காது. யாராவது கேட்டால் "ஓட்டல்ல மேனேஜர்" என்று சொல்லிவிடுவார். பாதி உண்மை. நானும் திருத்துவதில்லை.

அந்தக் கல்லூரி இப்போது இல்லை. மாடி வரைக்கும் டைல்ஸ் கடை ஏறிவிட்டது. கவுன்ட்டர் எங்கே போனதோ. பாட்டில்கள் மறுபடி பல்லாவரம் சந்தைக்கே போயிருக்கும். வெளியூர்ப் பேருந்துகள் கிளாம்பாக்கத்துக்குப் போனபின் தாம்பரத்தில் அந்தப் பழைய நெரிசலும் பாதிதான். அம்மாவின் பச்சைக் கோட்டு திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. மழைக்காலமும் காய்ச்சலும் வருகின்றன, டிரம் மட்டும் வருவதில்லை. அந்த மடக்கு மேசை இருந்த இடத்தில் இப்போது போன் கவர் விற்கும் ஒரு தள்ளுவண்டி நிற்கிறது.

அந்த இத்தாலிய பாட்டிலைத் திறந்ததற்கு மறுநாள் எனக்கு விடுமுறை. தாம்பரத்தில் இறங்கி அங்கே போனேன். அம்மா நின்ற இடம் எனக்குத் துல்லியமாகத் தெரியும். தூணுக்கு இடது பக்கம், வண்டிக்கு நேர் முன்னால். அங்கே நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். டீசலும் பிளாஸ்டிக்கும்தான் வந்தன.

"அக்கா, கொஞ்சம் நவுந்து நில்லுக்கா, கஸ்டமர் வந்துகினு கீறாங்க" என்றார் வண்டிக்காரர்.

"இருங்கண்ணா" என்றேன்.

அவர் இன்னொரு தடவையும் சொன்னார். நான் நகரவில்லை.